இடம் பெயர்ந்தோரும் இடையளவும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நாம், வந்த நாள் தொட்டு எத்தனையோ பொருள்களைக் கைவிடாமல் காத்து வருகிறோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். மார்கழியில், மாடிக் குடியிருப்பின் குறுகிய வாசலிலும் கோலமிடுகிறோம். ஊரிலிருந்து வருவோரிடம் வடகமும் காப்பிப் பொடியும் சொல்லி வாங்குகிறோம். பிள்ளைகளை ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம். மொழி மறந்துவிடுமோ, வழக்கம் நழுவிவிடுமோ என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு. அவற்றின்மீது கண்ணாயிருக்கும் நாம், நம்மோடு கூடவே வந்து நம்மை அறியாமலேயே மாறிவிட்ட ஒன்றைக் கவனிப்பதில்லை. அது நமது உடல்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் உறவினர்கள், "வடக்கத்தித் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது, பூசினாற்போல் இருக்கிறாய்" என்று மகிழ்கிறார்கள். நாமும் அதனைப் புகழுரையாகவே ஏற்றுக்கொள்கிறோம். தையற்காரர் ஆண்டுக்கு அரை அங்குலம் கூட்டித் தைக்கிறார்; அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வயிறு சற்று முன்னே வருவது உத்தியோக உயர்வோடு சேர்ந்து வரும் ஓர் அடையாளம் என்ற எண்ணம் நம்மவரிடையே இன்றும் முற்றிலும் மறைந்தபாடில்லை. இந்த எண்ணத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் எழுதி, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தை அதனாலேயே பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். டாக்டர்கள் இதனைப் பி.எம்.ஐ. என்பார்கள். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் குவெட்லெட் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. இப்பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்கரான அன்செல் கீஸ். 165 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்குக் குறியெண் 25 ஆகும்.

இனி, இடம் பெயர்ந்தவர்களைப் பற்றிய செய்திக்கு வருவோம். லக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் ஆகிய 4 நகரங்களின் தொழிற்சாலைகளில், கிராமங்களிலிருந்து வந்து வேலைக்கு அமர்ந்தவர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவரையும் ஆராய்ச்சியாளர்கள் தேடி எடுத்தார்கள். கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்களது உடன்பிறப்புகளையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு இது: குறியெண் 25ஐ எட்டியோ தாண்டியோ பருத்திருந்த ஆண்கள், கிராமத்தில் தங்கியவர்களில் 100க்கு 19 பேர்; நகரத்துக்குப் பெயர்ந்தவர்களில் 38 பேர்; நகரத்திலேயே வாழ்ந்து வந்தவர்களில் 42 பேர். நீரிழிவு நோயும் அவ்வாறே கிராமத்து ஆண்களில் 6 பேருக்கும், பெயர்ந்து வந்தவர்களில் 14 பேருக்கும் இருந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்தவர்களிடையே இவ்வளவு வேறுபாடு தோன்றியிருக்கிறது என்றால், அது குருதியால் வந்ததாகாது. வாழ்க்கை முறையால் வந்ததே என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஊரில் இருப்பவர்கள் தப்பிவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், குறியெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் இந்தியா முழுவதிலும் பெண்களில் 100க்கு 24 பேர், ஆண்களில் 23 பேர். தமிழ்நாட்டிலோ பெண்களில் 40 பேர், ஆண்களில் 37 பேர். தில்லியில் பெண்களில் 41 பேர், ஆண்களில் 38 பேர். ஆக, நாம் விட்டுவந்த இடமும் வந்து சேர்ந்த இடமும் இந்த ஒன்றில் ஏறக்குறையச் சமமாகிவிட்டன. நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பழைய ஊர் நம் நினைவில்தான் இருக்கிறது.

உடற்பருமன் என்றதும் சர்க்கரை நோயும் இருதய நோயும் நம் நினைவுக்கு வருகின்றன. புற்றுநோய் நினைவுக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மிகுதியான உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களுக்குக் காரணமாகிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு என 2016இல் அறிவித்தது. அவற்றுள் ஒன்று, பெருங்குடலிலும் அதன் இறுதிப் பகுதியாகிய மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய். உலகெங்கும் 2022இல் சுமார் 19 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள்.

கொழுப்புக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வயிற்றினுள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து படியும் கொழுப்பு, மூட்டை கட்டி வைத்த பொருளைப்போல் சும்மா கிடப்பதில்லை. அது இடைவிடாமல் பலவகைச் சுரப்புகளை இரத்தத்தில் கலக்கிறது. ஓயாத மெல்லிய அழற்சியை உண்டாக்குகிறது. இன்சுலின் முன்போல் வேலை செய்யாமையால் உடல் அதனை மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலினுக்குச் சர்க்கரையைச் செலுத்தும் தொழில் மட்டுமன்றி, அணுக்களை வளர்க்கும் இயல்பும் உண்டு. குடலின் உட்சுவரோ சில நாட்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். ஓயாது பெருகும் அவ்விடத்தில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் மிகுந்தால், கட்டுப்பாடு குலைவதற்கு வாய்ப்பும் மிகுகிறது. முதலில் பாலிப் எனப்படும் சிறு முளை தோன்றுகிறது. அம்முளைகளுள் சில புற்றாக மாறுகின்றன. அதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இந்தக் கால அவகாசம் நமக்குக் கிடைத்துள்ள பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

"இது மேனாட்டார் நோய், நமக்கு வருவதில்லை" என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். இந்த ஆறுதலில் ஓரளவு உண்மை உண்டு. வயது வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டால், இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 5 பேர் அளவிலேயே இந்நோய் காணப்படுகிறது. எனினும், ஜப்பானியரின் வரலாற்றை அறிந்தால் இந்த ஆறுதல் நிலைக்காது. அவர்களும் ஒரு காலத்தில் இந்நோயை அதிகம் அறியாதவர்களாகவே இருந்தார்கள். அமெரிக்காவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் குடியேறிய ஜப்பானியரைப் பற்றி ஹென்ஸெல், குரிஹாரா என்னும் இருவர் 1968இல் ஆராய்ந்து எழுதினார்கள். பிறந்த நாட்டில் மிகுதியாயிருந்த இரைப்பைப் புற்றுநோய் குடியேறியவர்களிடம் மெல்லக் குறைந்தது. அங்கே அரிதாயிருந்த குடற்புற்றுநோய் இங்கே விரைவாக ஏறி, அந்நாட்டு வெள்ளையரின் அளவை நெருங்கியது. குடிபெயர்ந்தவர்கள் மரபணுவை மாற்றிக்கொண்டு போகவில்லை. உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டார்கள். பின்னர் ஜப்பானிலேயே வாழ்க்கை முறை மாறியது. இன்று அங்கே லட்சம் பேருக்கு 35க்கு மேல் என்று இந்நோய் உயர்ந்துவிட்டது. இந்த மாற்றத்துக்கு எடை ஒன்றே காரணம் அன்று. ஆயினும் காரணங்களுள் அதுவும் ஒன்று.

ஆசிய மக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் எடையின் பங்கு எவ்வளவு? சீனர், ஜப்பானியர், கொரியர் முதலியோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 6 லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு வரைந்த கணக்கு 2024இல் வெளிவந்தது. குறியெண் 23 முதல் 25 வரை உள்ளவர்களோடு ஒப்பிட, 25க்கும் 27.5க்கும் இடையில் உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 9 சதவிகிதம் அதிகம், 27.5க்கும் 30க்கும் இடையில் 19 சதவிகிதம். 30க்கு மேல் 32 சதவிகிதம். மலக்குடலைவிடப் பெருங்குடலில் இத்தொடர்பு வலுவாக இருக்கிறது.

இவ்வெண்களைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டா. 32 சதவிகிதம் என்றால் 100 பேரில் 32 பேருக்கு நோய் வரும் என்பது பொருளன்று. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 பேர் 13 பேராவர் என்பதே பொருள். ஒருவருக்கு இது சிறு வேறுபாடு. கோடிக்கணக்கான மக்கள் ஒரே காலத்தில் பருத்து வரும் நாட்டுக்கு அது சிறு வேறுபாடாகாது.

நம்மவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புணே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இலண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் கருவி கொண்டு அளந்தபோது, ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், இந்தியர் உடலில் 21.2 சதவிகிதம். எடை பார்க்கும் இயந்திரம் இருவரையும் சமமாகக் காட்டியது. உள்ளே இருந்ததோ இரண்டு மடங்குக்கு மேல். கைகால் மெலிந்தும் வயிறு மட்டும் பருத்தும் இருப்பது நம் நாட்டாரிடம் பெரிதும் காணப்படும் உடலமைப்பு. இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல், ஆசிய மக்கள் 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்றது. 2009இல் வெளியான இந்திய மருத்துவ அறிஞர்களின் முடிவும் 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன் என வரையறுத்தது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டலாகாது என்றும் அதே முடிவு கூறுகிறது.

ஆதலின், எடை இயந்திரத்தை மட்டும் நம்புவதைவிட, தையற்காரரின் நாடாவை ஒரு முறை கையிலெடுப்பது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். கால்சட்டையின் அளவைப் பார்த்துத் திருப்தியடைவது பயன் தராது. அதனை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டும் வித்தையை நாம் அனைவரும் அறிவோம்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது நம் சங்கத்து நண்பர் ஒருவரின் வாழ்வு. பெயர் வேண்டா. பொங்கல் விருந்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி முழுவதும் ஓடுபவர் என்றால் பலருக்குத் தெரியும். மெலிந்த தோள், முன்வந்த வயிறு, எப்போதும் சிரித்த முகம். அவருக்கு 51ஆம் வயதில் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. மூலச்சூடு என்று தாமே முடிவு செய்துகொண்டார். மோர் குடித்தார், கருணைக்கிழங்கு மசியல் செய்யச் சொன்னார், ஊரிலிருந்து துத்தியிலை வரவழைத்தார். மனைவியாரிடம்கூட இரத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. எட்டு மாதங்கள் கழிந்தன. மூன்றாம் மாடி ஏறுகையில் மூச்சு வாங்குவதைக் கண்ட மகள், வற்புறுத்தி இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாள். இரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. குடலுள்ளே குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது கட்டி தெரிந்தது. அதற்குள் அது ஈரலுக்கும் பரவிவிட்டது. அடுத்த பொங்கலுக்கு அவர் நாற்காலியில் அமர்ந்து பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அவருக்கு நோய் வந்தது வயிற்றுப் பருமனால்தான் என்று எவராலும் சொல்ல முடியாது. மெலிந்தவர்க்கும் இந்நோய் வருகிறது. நம் நாட்டில் இளவயதினர்க்கும் வருகிறது. ஆனால் அந்த எட்டு மாத மௌனம் அவருடைய உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தது என்று சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. அமெரிக்கக் கணக்கின்படி, கட்டி குடலளவில் நின்றிருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 90 பேர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகென்றால் 15 பேர் அளவிலேயே.

இத்தகைய துயரம் நம்மவர்க்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை இளவயதிலேயே மலக்குடற் புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. அந்தத் துயரத்தை உள்ளத்தில் தாங்கியிருந்த அம்மையாரின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மருத்துவரின் வீட்டிலேயே அன்று வேறு நோயாகத் தோன்றி ஏமாற்றிய ஒன்று, கருவிகள் பெருகிய இந்நாளிலும் வெட்கத்தின் துணைகொண்டு நம்மை ஏமாற்ற வேண்டுமா?

ஆகவே, மலத்தில் இரத்தம், சில வாரங்களாகியும் மாறாத மலச்சிக்கல் அல்லது பேதி, கழித்த பின்னும் முழுதும் கழியாத உணர்வு, காரணம் புலப்படாத இரத்தச் சோகை, முயலாமலே எடை குறைதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினும் மருத்துவரிடம் செல்லுங்கள். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனை மருத்துவர் சொல்லட்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் இந்நோய் வந்திருந்தால், குறி எதுவும் தோன்றாவிடினும் எப்போது பரிசோதித்துக்கொள்வது என்று கேட்டறியுங்கள். அமெரிக்காவில் 2021 முதல் 45ஆம் வயதிலேயே எல்லோருக்கும் இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நம் நாட்டு அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்றிடத்துப் புற்றுநோய்களுக்கே அமைந்திருப்பதால், குடலைப் பற்றிய கவலையை நாமே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடலைச் சோதிக்கையில் முளை தென்பட்டால் அப்போதே அதனை அகற்றிவிடலாம். புற்றாகும் முன்பே நோயைத் தடுத்துவிடலாம்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. முதலாவது நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறையாவிடினும், உழைக்கும் உடலில் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைகிறது. நம் இல்லத்தரசியர் பலருக்கு இதில் ஒரு தடை உண்டு. மொழி பழகாத தெருவில் தனியே நடக்கக் கூச்சம். அடுக்களையில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றித் தாமே உண்ணும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வட்டாரத்தில் வாழும் நாலு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து மாலையில் தமிழ் பேசிக்கொண்டே நடந்தால், கூச்சமும் தீரும், உடம்பும் தேறும்.

இரண்டாவது எண்ணெய். 4 பேர் உள்ள குடும்பத்தில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 மில்லி லிட்டர். அதிலேயே 300 கலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. மளிகைச் சீட்டை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. மூன்றாவது, தட்டில் சோறோ ரொட்டியோ குறைந்து கீரையும் அவரையும் பயறும் கூட வேண்டும். நார்ப்பொருள் மிகுந்த உணவு குடலுக்குக் காப்பு. நவராத்திரிச் சுண்டலை 9 நாளோடு நிறுத்த வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. புலால் உண்போர், பதப்படுத்தி அடைத்து விற்கும் இறைச்சியை அடிக்கடி வாங்கலாகாது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் இந்நோய் வாய்ப்பு 18 சதவிகிதம் உயர்கிறது என்று மேற்கூறிய முகமை 2015இல் கணித்தது. மதுவும் புகையிலையும் இந்நோய்க்குத் துணை செய்பவை என்பதையும் நினைவிற் கொள்க.

பருத்தவரைக் கேலி செய்வதனால் எவரும் மெலிந்ததில்லை. ஒருவர் உடல் பருப்பதற்கு அவருடைய பசி மட்டுமன்றி, நாற்காலியில் கழியும் பத்து மணி நேர வேலையும், நடக்க இடமற்ற வீதியும், உறக்கமின்மையும், பிறப்பியல்பும் காரணமாகின்றன. ஆதலால் நம் சங்கம் இதனைத் தனியொருவர் குறையாகக் கருதாமல் பொதுக் காரியமாக ஏற்க வேண்டும் என்பது நமது விண்ணப்பம். மாதக் கூட்டத்தின்போது மண்டபத்து மூலையில் ஓர் எடை இயந்திரமும், உயரம் குறிக்கும் கோலும், ஒரு நாடாவும் வைக்கலாம். நம்மிடையே உள்ள மருத்துவ அன்பர்கள், தாய்மொழியில் கேட்டால் தயக்கம் குறையும் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். அன்னிய மொழியில் மலத்தைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் பேச நாணி மருத்துவமனை வாசலிலேயே திரும்பிய முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு கூடச் சென்று, சொல்ல வேண்டியதைச் சொல்லித் தர இளைஞர்கள் முன்வரலாம். செயற்குழுவினர் இதனை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்வார்களென நம்புகிறோம். அதுவரை காத்திராமல், இவ்விதழைப் படித்து முடித்த அன்பர்கள் இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரின் இடுப்பையும் அளந்து, நாட்காட்டியின் பின்புறத்தில் தேதியோடு குறித்து வைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.